நழுவ நழுவ வளரும் பயம்

பம்பாய் ஸ்மால் காஸ் கோர்ட்டில் 1890களின் தொடக்கத்தில் நடந்த ஒரு சின்ன வழக்கு. பிரதிவாதிக்காக ஆஜரானவர், லண்டனில் பாரிஸ்டர் பட்டம் வாங்கித் திரும்பி அதிக காலம் ஆகாத ஓர் இளைஞர். ஃபீஸ் 30 ரூபாய். எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்து நின்றார். தலை சுற்றியது. கோர்ட்டே சுழல்வதுபோல் இருந்தது. கேட்பதற்கு ஒரு கேள்விகூட வாயில் வரவில்லை. அப்படியே உட்கார்ந்தவர், கட்சிக்காரரின் ஏஜெண்டைக் கூப்பிட்டு வேறு வக்கீலை வைத்துக்கொள்ளச் சொல்லி, வாங்கிய ஃபீஸையும் திருப்பித் தந்துவிட்டு வெளியே நடந்தார். வழக்கு ஜெயித்ததா தோற்றதா என்றுகூட நின்று பார்க்கவில்லை. தைரியம் வரும்வரை இனி வழக்கே எடுப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினார்.

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி இதைத் தன் சுயசரிதையில் கொஞ்சமும் பூசி மெழுகாமல் சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூட நாட்களில் மணி அடித்ததும் யாரும் பேச்சுக் கொடுத்துக் கேலி செய்துவிடக் கூடாதே என்று வீட்டுக்கு ஓடியவர் அவர். லண்டனை விட்டுக் கிளம்பும் முன் நண்பர்களுக்குக் கொடுத்த விருந்தில், தயார் செய்து வைத்திருந்த பேச்சு முதல் வாக்கியத்தோடு மறந்துபோக, நன்றி சொல்லி உட்கார்ந்தவர். நூறு ஆண்டுக்கு முந்தைய ஒருவருக்கு இன்றைக்கு நோய்ப் பெயர் சூட்டுவது வெட்டி வேலை. ஆனால் அந்த கோர்ட் காட்சியில் உடம்பு செய்ததும், அதற்குப் பிறகு மனசு எடுத்த முடிவும் இன்றைய 17 வயதுப் பிள்ளைக்கும் 22 வயது இளைஞருக்கும் அப்படியே பொருந்தும். உடம்பு படபடத்தது முதல் விஷயம். ‘தைரியம் வந்த பிறகு பார்க்கலாம்’ என்று விலகியது இரண்டாவது. நாம் எல்லோரும் முதலாவதைப் பார்த்தே மிரள்கிறோம். பயத்துக்குத் தீனி போடுவது இரண்டாவதுதான்.

முதலில் உடம்பு. மூளைக்குள் பாதாம்பருப்பு அளவில் இருக்கும் அமிக்டலா என்ற பகுதி, ஆபத்து என்று தோன்றிய கணத்தில் சைரனை அழுத்திவிடுகிறது. அட்ரினலின் சுரக்கிறது. ஓடவோ சண்டை போடவோ தசைகளுக்கு ரத்தம் தேவை என்பதால் இதயம் வேகமெடுக்கிறது. ஜீரண வேலை நிறுத்தி வைக்கப்படுகிறது. அதனால்தான் வயிற்றைப் பிசைகிறது, வாய் உலர்கிறது, பரீட்சைக்குக் கிளம்பும் நேரத்தில் பாத்ரூமுக்கு ஓட வேண்டியிருக்கிறது. மூச்சு மேலோட்டமாகவும் வேகமாகவும் ஆகும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போவதும் கிறுகிறுப்பதும் அதனால்தான். பாம்பைக் கண்டு ஓடும்போது இதெல்லாம் உதவும். சாட்சிக் கூண்டின் முன்னாலோ வினாத்தாளின் முன்னாலோ உதவாது. எது பாம்பு, எது வினாத்தாள் என்று நிதானமாகப் பிரித்துச் சொல்ல வேண்டிய மூளையின் முன்பகுதி முழுதாக முதிர இருபது வயதைத் தாண்டிச் சில ஆண்டுகள் ஆகும். வளரிளம் பருவத்தில் பயம் முந்திக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பரீட்சைக்கு முந்தைய நாள் தூக்கம் வராததை யாரும் நோய் என்று சொல்வதில்லை. இன்டர்வியூவில் உள்ளங்கை வியர்ப்பதும் அப்படித்தான். கூச்ச சுபாவமும் குறை அல்ல. தன் கூச்சம்தான் சொற்களை அளந்து பேசக் கற்றுக்கொடுத்தது என்று காந்தியே எழுதியிருக்கிறார். பதற்றம் எப்போது கோளாறு ஆகிறது? காரணம் போன பிறகும் அது போகாதபோது. கவலை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே பெரும்பாலான நாட்களில், மாதக்கணக்கில் நீடிக்கும்போது. பொதுப் பதற்றக் கோளாறுக்கு மருத்துவக் கையேடுகள் 6 மாதம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. ஆனால் வீட்டில் இருப்பவர்கள் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. இதைவிடத் தெளிவான அடையாளம் ஒன்று உண்டு: முன்பு செய்துகொண்டிருந்த எதை இந்தப் பிள்ளை இப்போது செய்வதில்லை?

ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தெருவில் கிரிக்கெட் ஆடிய பையனுக்குத் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வயிற்று வலி. தமிழ்நாட்டில் பல வீடுகளுக்குப் பழக்கமான காட்சி இது.

“என்னடா ஆச்சு?”

“வயிறு வலிக்குதும்மா. ஒரு மாதிரி பிரட்டிக்கிட்டு வருது.”

“பொய் சொல்றான், விடாத, கிளப்பு” என்று அப்பா உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். அம்மாவுக்கு மனசு கேட்காது. “சரி, இன்னிக்கு ஒரு நாள் லீவு போட்டுக்கோ.” பத்து மணிக்கு வலி போன இடம் தெரியாது. பையன் டி.வி. முன்னால் இருப்பான். அப்பாவுக்குத் தன் கட்சி ஜெயித்ததாகத் தோன்றும். உண்மையில் இருவருமே பாதி சரி, பாதி தப்பு. வலி நிஜம்; மேலே சொன்னபடி வயிறு நிஜமாகவே பிசைந்தது. பள்ளிக்குப் போக வேண்டாம் என்றதும் சைரன் நின்றது, வலியும் நின்றது. நடிப்பு எதுவும் இதில் இல்லை. ஆனால் அந்த நிம்மதியில் பையனின் மூளை ஒரு பாடம் படித்துவிட்டது: போகாததால்தான் தப்பித்தோம். அடுத்த திங்கட்கிழமை வயிறு இன்னும் சீக்கிரம் பிசையும்.

கல்லூரியில் இது வேறு வேஷம் போடும். தமிழ் மீடியத்தில் படித்து இன்ஜினியரிங் கல்லூரிக்கு வந்த மாணவிக்கு, அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது தன் நம்பர் நெருங்க நெருங்க நெஞ்சு அடித்துக்கொள்ளும். ‘பிரசென்ட் சார்’ என்ற இரண்டு சொற்களை மனசுக்குள் நான்கு முறை ஒத்திகை பார்ப்பாள். செமினார் தேதி தெரிந்ததும் அன்றைக்குக் காய்ச்சல் வந்துவிடும். மெஸ்ஸில் கூட்டம் இருக்கும் நேரத்தில் சாப்பிடப் போகமாட்டாள். பிஸ்கட் பாக்கெட்டோடு ராத்திரி கழியும். போன் அடித்தால் எடுக்காமல், அடித்து ஓய்ந்ததும் ‘என்ன விஷயம்?’ என்று வாட்ஸ்அப்பில் கேட்பாள். ஆசிரியர்கள் பார்வையில் அமைதியான பிள்ளை. வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போய், பெற்றோரை அழைத்து வரச் சொல்லும்போதுதான் வீட்டுக்கு விஷயம் தெரியும். அப்போதும் அதற்குச் சூட்டப்படும் பெயர் சோம்பேறித்தனம், அல்லது ‘செல்போன் படுத்தும் பாடு’.

இன்னும் சில முகங்கள் உண்டு. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவது அதில் ஒன்று; பையன்களிடம் பயம் கோபமாக வெளிப்படுவதை வீட்டில் திமிர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ரெக்கார்டு நோட்டில் ஓர் அடித்தல் வந்ததற்காக முழுப் பக்கத்தையும் கிழித்துவிட்டு மறுபடி எழுதும் பிள்ளை இன்னொன்று. இந்த வகைப் பிள்ளை நல்ல மார்க் வாங்குவதால் யார் கண்ணிலும் படுவதில்லை, பாராட்டு வேறு கிடைக்கிறது. தலைவலியைக் கூகுளில் தேடி மூளைக் கட்டி வரை போய்விட்டு விடிய விடிய விழித்திருப்பது மற்றொன்று. “ஒண்ணும் ஆகாதுல்லம்மா?” என்று ஒரே கேள்வியை ஒரே ராத்திரியில் பத்துத் தடவை கேட்பதும் இதே குடும்பம்தான்.

இது எத்தனை பேருக்கு? உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 10 முதல் 14 வயதுக்குள் 4.1 சதவீதம் பேருக்கும், 15 முதல் 19 வயதுக்குள் 5.3 சதவீதம் பேருக்கும் பதற்றக் கோளாறு இருக்கிறது. ஐம்பது பேர் கொண்ட ஒரு வகுப்பில் இரண்டு மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளலாம். எல்லா வயதினரையும் சேர்த்தால் 2021-ல் உலகெங்கும் சுமார் 36 கோடிப் பேர்; மனநலப் பிரச்சினைகளில் இதுவே மிகப் பரவலானது. அவர்களில் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைப்பது ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத்தான். மனநல நிறுவனமான பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16-ல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் சுமார் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகச் சொன்னது.

பதற்றத்தின் முகங்களில் திடுதிப்பென்று வந்து ஆளைக் கவிழ்ப்பது பேனிக் அட்டாக். பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கும்போது காரணமே இல்லாமல் நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், செத்துவிடப் போகிறோம் என்று தோன்றும். சில நிமிடங்களில் உச்சம் தொட்டு, தானாகவே வடியும். ஆனால் அந்தச் சில நிமிடங்களுக்குள் ஆட்டோ பிடித்து கேஷுவாலிட்டிக்குப் போயிருப்பார்கள். ஈ.சி.ஜி. நார்மல். “ஒண்ணும் இல்ல, கேஸ்தான்” என்று ஒரு மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள். முதல் தடவை ஈ.சி.ஜி. எடுப்பதில் தப்பே இல்லை. எடுத்துப் பார்ப்பதுதான் சரி. சிக்கல், ‘ஒண்ணும் இல்ல’ என்பதோடு பேச்சு முடிந்துவிடுவதில் இருக்கிறது. பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986-ல் தந்த விளக்கம் இன்றைக்கும் சிகிச்சைக்கு அடிப்படை: சாதாரணப் படபடப்பை மனம் ஹார்ட் அட்டாக் என்று தப்பாகப் புரிந்துகொள்கிறது, அந்தப் பயம் படபடப்பைக் கூட்டுகிறது, கூடிய படபடப்பு பயத்துக்குச் சாட்சி ஆகிறது. அடுத்து அந்த பஸ் ரூட்டையே விட்டுவிடுவார்கள். பிறகு எந்த பஸ்ஸிலும் ஏற மாட்டார்கள்.

உடம்புக் காரணங்களையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் இதேபோலப் படபடக்கும். பரீட்சைக் காலத்தில் நாளுக்கு ஐந்து காபியும் ஓர் எனர்ஜி டிரிங்க்கும் குடிக்கிறவருக்கு வேறு காரணமே தேவையில்லை. நம் ஊரில் இன்னொரு முதலுதவியும் உண்டு: “பயந்துட்டான், மந்திரிச்சு விடணும்” என்று தர்காவுக்கோ கோயிலுக்கோ அழைத்துப் போய்த் தாயத்துக் கட்டுவது. பாட்டியின் விபூதியோடு சண்டை போட வேண்டியதில்லை, தெம்பு வந்தால் வரட்டும். தாயத்துக் கட்டிய பிறகும் பையன் பள்ளிக்குப் போகவில்லை என்றால் அடுத்த கயிறு தேடிப் போகாமல் டாக்டரிடம் போக வேண்டும், அவ்வளவுதான்.

சரி, பயம் எப்படிக் குறைகிறது? இதற்கு நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு பரிசோதனை அழகான விடை தருகிறது. 1920களில் நியூயார்க்கில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளரிடம் பீட்டர் என்று அவர் குறிப்பிட்ட ஒரு பையன் வந்தான். மூன்று வயதுகூட நிரம்பாத அவனுக்கு முயலைக் கண்டால் கொலைநடுக்கம். ஜோன்ஸ் அவனுக்கு தைரிய வசனம் எதுவும் சொல்லவில்லை. அவன் உயர நாற்காலியில் உட்கார்ந்து பிடித்ததைச் சாப்பிடும் வேளையில், கூண்டில் இருந்த முயலை அறையின் கோடியில், அவன் சாப்பாடு கெடாத தூரத்தில் வைத்தார். 12 அடி தூரத்தைச் சகித்துக்கொண்டான். பிறகு 4 அடி. பிறகு 3 அடி. பிறகு கூண்டு பக்கத்திலேயே. பிறகு கூண்டு திறந்து முயல் அறைக்குள் ஓடியது. முயலுக்குப் பயப்படாத மற்றக் குழந்தைகளையும் சில நாட்கள் கூடவே விளையாட விட்டார். கடைசியில் முயல் தன் விரலைக் கறும்ப விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான் பீட்டர். நடுவில் ஒரு பெரிய சறுக்கலும் நடந்தது: ஸ்கார்லெட் ஜுரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வெளியே வரும்போது ஒரு பெரிய நாய் மேலே பாய்ந்ததில், பழைய பயம் முழுசாகத் திரும்பிவிட்டது. ஜோன்ஸ் மறுபடி தூரத்திலிருந்து ஆரம்பித்தார். பிற்காலத்தில் ஜோன்ஸை ‘நடத்தை சிகிச்சையின் தாய்’ என்று அந்தத் துறை கொண்டாடியது.

இன்றைக்கு சி.பி.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையில், பதற்றத்துக்கு மையமான பகுதி இந்த முயல் வைத்தியம்தான். பயப்படும் விஷயத்தைப் படிப்படியாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் பயம் சலித்துப்போகும் வரை நிற்பது. செமினாருக்கு நடுங்கும் அந்த மாணவியின் ஏணி இப்படி இருக்கலாம். அட்டெண்டன்ஸில் குரலை உயர்த்தி பதில் சொல்வது. ஜெராக்ஸ் கடையில் தேவையே இல்லாமல் ஒரு விலை விசாரிப்பது. வகுப்பு முடிந்ததும் மேடத்திடம் தனியாக ஒரு சந்தேகம் கேட்பது. ஹாஸ்டல் அறையில் இரண்டு தோழிகள் முன்னால் மூன்று நிமிடம் பேசிக் காட்டுவது. வகுப்பில் எழுந்து ஒரு கேள்வி கேட்பது. அப்புறம் செமினார். ஒரே நாளில் எதுவும் நடக்காது. ஒரு படி ஒரு வாரம் இழுக்கும், சில சமயம் கீழே வழுக்கும். முதல் படியே மூச்சு முட்ட வைத்தால் அது முதல் படி இல்லை என்று பொருள், அதற்கும் கீழே ஒன்று தேட வேண்டும். ஒரேயடியாகத் தண்ணீரில் தள்ளிவிட்டு நீச்சல் கற்றுக்கொடுக்கும் மாமாக்கள் நம் குடும்பங்களில் உண்டு. அவர்களை இந்த விஷயத்தில் கொஞ்சம் தள்ளியே வைக்கலாம்.

படியேறும்போது ஒரு கள்ளத்தனத்தையும் கவனிக்க வேண்டும். செமினாரில் நிற்பார்கள், ஆனால் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் படித்து முடித்துவிடுவார்கள். கை நடுங்குவது தெரியாமல் இருக்க மைக்கை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். பஸ்ஸில் ஏறுவார்கள், ஆனால் பையில் தண்ணீர் பாட்டிலும் மாத்திரையும் இருந்தால்தான். இந்தக் கைத்தடிகள் இருக்கும்வரை, தப்பித்ததற்கான பெருமை கைத்தடிக்கே போகும். பேனிக் அட்டாக்குக்கு விளக்கம் தந்த அதே கிளார்க்கும் உளவியலாளர் ஏட்ரியன் வெல்ஸும் 1995-ல் சமூகப் பதற்றம் பற்றி இதை விரிவாக எழுதினார்கள். கூச்சப்படுகிறவரின் கவனம் முழுக்கத் தன் மேலேயே இருக்கிறது. உள்ளே எவ்வளவு நடுங்குகிறதோ அவ்வளவும் வெளியே தெரிகிறது என்று நம்பிவிடுகிறார். இந்த வகைச் சிகிச்சையில் பேச வைத்து வீடியோ எடுத்துப் போட்டுக் காட்டும் ஓர் உத்தி உண்டு. தான் நினைத்த அளவுக்கு முகம் சிவக்கவில்லை, குரல் உடையவில்லை என்பதைக் கண்ணால் பார்க்கும்போது பலருக்கு நம்ப முடிவதில்லை. போன் எல்லோர் கையிலும் இருக்கும் காலத்தில் இதற்குச் செலவும் இல்லை.

கோர்ட்டை விட்டு ஓடிய அந்த பாரிஸ்டர் என்ன ஆனார்? 1893-ல், 23 வயதில், தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா போய்ச் சேர்ந்த சில நாட்களிலேயே அங்கிருந்த இந்தியர்களைக் கூட்டிப் பேசினார். தன் வாழ்க்கையின் முதல் மேடைப் பேச்சு என்று அவர் சொல்லிக்கொள்வது இதைத்தான். கோர்ட் கிடையாது, எதிர்த்தரப்பு கிடையாது. ஒரு வீட்டில் கூடிய வியாபாரிகள், வியாபாரத்தில் உண்மை என்கிற தலைப்பு, கையில் போதிய தயாரிப்பு. திட்டம் போட்டு அமைத்த படி அல்ல அது. ஆனால் அவரால் ஏறக்கூடிய உயரத்தில் இருந்தது. நீதிமன்ற வாதங்கள் அதற்குப் பிறகு வந்தன.

பரீட்சை பயம் இதில் தனி ரகம், ஏனென்றால் தேதி குறித்துவிட்டு வருகிறது. தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் வினாத்தாளைப் படிக்க முதல் 10 நிமிடம் தனியாகத் தருகிறார்கள். ‘எல்லாம் மறந்துபோச்சு’ என்ற திகில் கிளம்புவதும் அந்தப் பத்து நிமிடத்தில்தான். அப்போது மூச்சை நான்கு எண்ணும்வரை இழுத்து ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுவது உதவும். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் இறங்கும். தெரிந்த கேள்வி ஒன்றைத் தேடி அதிலேயே கண்ணை நிறுத்துவதும் உதவும். ஆனால் வீட்டில் மூச்சுப் பயிற்சி மட்டும் செய்து பயனில்லை. மூன்று மணி நேரம், மணி பார்த்து, தொண்டை வறள, மாதிரித் தேர்வு எழுதிப் பழகுவதுதான் இங்கே முயலின் 12 அடி.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. பரீட்சைக்கு முன் பத்து நிமிடம் தன் கவலைகளை எழுதினால் மார்க் கூடும் என்று 2011-ல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு ஆய்வு வந்து உலகமெங்கும் பரபரப்பாகப் பேசப்பட்டது. 2018-ல் வேறொரு குழு அந்தச் சோதனையைத் திருப்பிச் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. எழுதிப் பார்ப்பதால் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் ‘பதற்றம் போக்க ஐந்தே டிப்ஸ்’ என்று ரீல்ஸில் வருவதற்கெல்லாம் இந்த அளவு சோதனைகூட நடந்திருக்காது.

மார்க்கைச் சுற்றி ஊர் அடிக்கும் தண்டோராவையும் சொல்லாமல் விட முடியாது. பொதுத்தேர்வில் மாநில ரேங்க் அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2017-ல் நிறுத்தியது. நல்ல காரியம். ஆனால் தெருமுனையில் 590-க்கு மேல் வாங்கியவர்களின் முகங்களோடு ஃப்ளெக்ஸ் இன்றும் நிற்கிறது. ஃபெயில் ஆனவர்கள் அதே வருடம் துணைத்தேர்வு எழுதிக் கல்லூரியில் சேரலாம் என்ற செய்திக்கு ஃப்ளெக்ஸ் வைப்பார் இல்லை.

பெற்றோருக்கு வருவோம். பயப்படும் பிள்ளைக்காக வீடு தன்னையே மாற்றிக்கொள்வது பாசத்தில் நடப்பது. கடையில் அவனுக்காக அம்மா பேசுவார், ஹோட்டலில் அவளுக்காக அப்பா ஆர்டர் கொடுப்பார், ராத்திரி பத்துத் தடவையும் “ஒண்ணும் ஆகாது” என்று சளைக்காமல் பதில் சொல்வார்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக உளவியலாளர் எலி லெபோவிட்ஸின் குழு இதை மாற்றுவதையே சிகிச்சை ஆக்கியது. பிள்ளையை டாக்டர் பார்ப்பதே இல்லை. பெற்றோருக்கு மட்டும் பயிற்சி. 2020-ல் வெளியான அவர்கள் ஆய்வில், பிள்ளைகளுக்கு நேரடியாக சி.பி.டி. கொடுத்த அளவுக்கு இதிலும் பலன் கிடைத்தது. பயிற்சியின் சாரம் எளிமையானது. ‘இதுக்கெல்லாமா பயப்படுவ?’ என்பதும் வேண்டாம், ‘சரி, போக வேண்டாம்’ என்பதும் வேண்டாம். “உனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்னு தெரியுதும்மா. ஆனா உன்னால சமாளிக்க முடியும்னும் தெரியுது” என்ற இரண்டு வாக்கியமும் சேர்ந்து வர வேண்டும். பத்துத் தடவை பதில் சொல்லிக்கொண்டிருந்தவர், “நாளையிலிருந்து ஒரு தடவைதான் சொல்வேன்” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, அதில் நிற்க வேண்டும். முதல் சில நாள் அழுகை இருக்கும். அதைத் தாங்குவதுதான் கஷ்டம். மற்றதெல்லாம் சுலபம்.

தூக்கம், ஓடியாடுவது, ராத்திரி போனை வேறு அறையில் சார்ஜ் போடுவது எல்லாம் எல்லோரும் சொல்வதுதான், சரியாகவும் சொல்கிறார்கள். வளரிளம் பருவத்தில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. விடிகாலை நாலு மணி ஸ்டடி நடத்தும் ஹாஸ்டல்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

ஏணி, மூச்சு, பேச்சு எல்லாம் முயன்றும் நகரவில்லை என்றால் சிகிச்சை. அது பலிக்குமா என்ற கேள்விக்குக் கையில் நல்ல சான்று இருக்கிறது. 2008-ல் அமெரிக்காவில் 7 முதல் 17 வயது வரையிலான 488 பேரிடம் நடந்த ஆய்வில், சி.பி.டி. மட்டும் பெற்றவர்களில் சுமார் 60 சதவீதம் பேருக்கும், செர்ட்ராலின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 55 சதவீதம் பேருக்கும் நல்ல முன்னேற்றம் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் 81 சதவீதம். வெற்று மாத்திரை விழுங்கியவர்களில் 24 சதவீதம். செர்ட்ராலின் வகை மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரம் ஆகும்; போதை மாத்திரை அல்ல; ஆனால் நினைத்த நாளில் சட்டென்று நிறுத்தக் கூடாது. 25 வயதுக்கு உட்பட்ட சிலருக்குத் தொடக்கத்தில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்பதால் முதல் வாரங்களில் டாக்டரின் கண்காணிப்பு அவசியம். மெடிக்கல் ஷாப்பில் நண்பர் சொன்னார் என்று அல்பிரசோலம் கேட்டு வாங்குவது வேறு கதை. அது அரை மணியில் அமைதி தரும், பழகினால் விடாது. மாத்திரை வடிவில் வந்த நழுவல் என்றும் சொல்லலாம்.

‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பெயரை வைத்து நம் சினிமா காமெடி பண்ணிய பண்ணில், மனநல மருத்துவர் என்ற பெயரைக் கேட்டாலே பிள்ளைகள் ஓடுகிறார்கள். அங்கே இருக்கும் அரசு மனநல மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவுக்கு வருகிறவர்கள் சீட்டு வாங்கி, டாக்டரைப் பார்த்துவிட்டு, மருந்தோடு வீட்டுக்குப் போகிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை விவரங்கள் ரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்று சொல்கிறது. நேரில் போகத் தயக்கம் இருப்பவர்கள் போனில் தொடங்கலாம். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது; தமிழ்நாட்டில் அதற்கு ‘நட்புடன் உங்களோடு மனநல சேவை’ என்று பெயர். எண் 14416, கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். 104 என்ற உதவி எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். வாழவே பிடிக்கவில்லை என்ற பேச்சோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்ட அடையாளமோ தெரிந்தால் ‘பரீட்சை முடியட்டும்’ என்று தள்ளிப்போட வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அதுவரை பிள்ளையைத் தனியாக விடக் கூடாது.

முதல் தடவை டாக்டரிடம் போகிறவர்களுக்கு எங்கிருந்து தொடங்குவது என்பதே ஒரு பதற்றம். அரைத் தாளில் எழுதிக்கொண்டு போவது நல்ல வழி: கடைசி மூன்று மாதத்தில் எதையெல்லாம் விட்டுவிட்டோம், எப்போதிலிருந்து, அந்த நேரத்தில் உடம்பு என்ன செய்தது, இப்போது எடுக்கும் மாத்திரைகள், ஒரு நாளைக்கு எத்தனை காபி. வாய் வராவிட்டால் தாளை நீட்டினால் போதும். பெற்றோரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுச் சிறிது நேரம் தனியாகப் பேச வேண்டும் என்று டாக்டரிடம் பிள்ளை கேட்கலாம். பெரும்பாலான டாக்டர்கள் அதைத் தாமாகவே செய்வார்கள்.